கடன் யார் பெயரில்? உதைபந்தாட்ட முதலாளிகளின் காசுக் கணக்கு

2012 மே 7ஆம் திகதி, இங்கிலாந்தின் பிளக்பேர்ன் நகரில் ஆட்டம் நடந்துகொண்டிருந்த மைதானத்துக்குள் ஒரு கோழி இறங்கியது. உடம்பில் பிளக்பேர்ன் ரோவர்ஸ் கழகத்தின் கொடி சுற்றியிருந்தது. இறக்கிவிட்டவர்கள் அந்தக் கழகத்தின் சொந்த ரசிகர்கள். விகன் அணியிடம் 1-0 என்று தோற்று, பிளக்பேர்ன் அன்றோடு இங்கிலாந்தின் முதற் பிரிவான பிரிமியர் லீக்கிலிருந்து கீழே போனது. கோழி வந்தது முதலாளிகளைக் குத்திக்காட்ட. 2010இல் அந்தக் கழகத்தை வாங்கியது புனே நகரைச் சேர்ந்த வெங்கீஸ் என்ற இந்தியக் கோழி இறைச்சி நிறுவனம். வந்த புதிதில் வீரர்களை உடைமாற்றும் அறையில் உட்காரவைத்து, கோழிப் பொரியல் சாப்பிடுவதுபோல விளம்பரப் படமும் எடுத்திருந்தார்கள்.

இதே கழகம் 1995இல் இங்கிலாந்துச் சம்பியன். அதற்குப் பின்னாலும் ஒரு பணக்காரர்தான் நின்றார். ஜாக் வோக்கர், அந்த ஊரிலேயே பிறந்து இரும்பு வியாபாரத்தில் செல்வந்தரானவர். கெனி டல்கிளிஷை முகாமையாளராகக் கொண்டுவந்தார். 1992இல் அலன் ஷியரர், 1994இல் 5 மில்லியன் பவுணுக்குக் கிறிஸ் சட்டன் என்று அந்தக் காலத்துச் சாதனை விலைகளில் வீரர்களை வாங்கினார். காசு கொடுத்துக் கிண்ணம் வாங்கிவிட்டார் என்று மற்ற ஊர்க்காரர் அப்போதே திட்டினார்கள். 2000இல் அவர் இறந்தார். அவர் விட்டுப்போன குடும்ப நிதியம் சில ஆண்டுகள் காசு போட்டது, பிறகு கையை இழுத்துக்கொண்டது, கடைசியில் புனேக்காரரிடம் விற்றுவிட்டது.

ஒரே கழகம், இரண்டு பணக்காரர்கள். ஒருவருக்கு அந்த ஊரில் சிலை இருக்கிறது, மற்றவருக்குக் கோழி. ஆனால் இரண்டு பேர் காலத்திலும் கழகத்தின் அடிப்படை நிலைமை ஒன்றுதான்: தன் வருமானத்தில் அது வாழவில்லை, முதலாளியின் சட்டைப் பையில் வாழ்ந்தது. வெங்கீஸ் ஓடிப்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வருடாவருடம் நட்டத்தை அவர்கள்தான் அடைத்து வருகிறார்கள். ஆனால் 2023இல், நிதிக் குற்றங்களை விசாரிக்கும் இந்திய அமலாக்கத் துறையின் விசாரணை ஒன்றால், புனேயிலிருந்து பிளக்பேர்னுக்குக் காசு அனுப்ப தில்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. அந்தப் பருவத்தின் நடுவிலேயே, தங்கள் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த அடம் வோர்ட்டன் என்ற நல்ல இளம் வீரரைக் கழகம் கிறிஸ்டல் பலஸுக்கு விற்றது. பிளக்பேர்ன் இருக்கும் லங்காஷயரில் ஒரு கழகம் யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை விற்கவேண்டும் என்பது தில்லியில் ஒரு வழக்குத் தவணையோடு பின்னிக்கொண்ட காலம் அது.

மட்டக்களப்பில் இரவு ஒன்றரை மணிக்கு, ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் மோதும் சம்பியன்ஸ் லீக் பார்த்துவிட்டு, காலையில் தேநீர்க் கடையில் கண் எரிய உட்கார்ந்திருப்பவர்களிடம் எப்போதும் வரும் கேள்வி, "இவனுகளுக்கு எங்கயிருந்து மனே இவ்வளவு காசு?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் காசு கழகத்தின் புத்தகத்தில் என்னவாக எழுதப்பட்டிருக்கிறது? கொடையா, கடனா? கடன் என்றால் யார் பெயரில்? ஒரு கழகம் நன்றாக இருக்குமா நாசமாகுமா என்பதை வீரரின் விலையைப் பார்த்துச் சொல்வதைவிட இதைப் பார்த்துச் சொல்லலாம்.

அதற்கு முன், செலவு ஏன் இப்படிக் கட்டுமீறிப் போகிறது என்று பார்ப்போம். 1961 வரை இங்கிலாந்தில் உதைபந்தாட்ட வீரருக்கு வாரத்துக்கு 20 பவுணுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. வீரர்களின் சங்கத் தலைவர் ஜிமி ஹில் வேலைநிறுத்த எச்சரிக்கை விடுத்து அதை உடைத்தார். அதே ஆண்டே புல்ஹாம் அணியின் ஜொனி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண் வாங்கினார். அடுத்த பெரிய உடைப்பு 1995 டிசம்பரில் வந்த பொஸ்மன் தீர்ப்பு. ஒப்பந்தம் முடிந்த வீரர் எந்தக் கழகத்துக்கும் இலவசமாகப் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அதுவரை கழகத்தின் கையில் இருந்த பிடி வீரரின் கைக்குப் போனது. இரண்டு மாற்றங்களும் வீரர்களுக்கு நியாயமானவை. அவற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சம்பளத்துக்கு மேல்மூடி இல்லாமல் போன அதே காலத்தில்தான் தொலைக்காட்சிப் பணமும் கொட்டத் தொடங்கியது. 1992இல் பிரிமியர் லீக்கின் முதல் ஒப்பந்தம் ஐந்து பருவங்களுக்கு 304 மில்லியன் பவுண் என்று பேசப்பட்டது. 2025இல் தொடங்கிய நான்கு பருவ ஒப்பந்தம் பிரித்தானியாவுக்குள் மட்டும் 6.7 பில்லியன்.

இவ்வளவு வருமானம் வந்தால் கழகங்கள் இலாபத்தில் மிதக்கவேண்டும். மிதக்கவில்லை. காரணம், முதல் நான்கு இடங்கள் எப்போதும் நான்கு இடங்கள்தான். கீழே இறங்கும் மூன்று இடங்களும் மூன்றுதான். எல்லாரும் இரட்டிப்பாகச் செலவழித்தாலும் புள்ளிப் பட்டியலில் இடங்கள் அதிகரிக்காது. ஆனால் ஒருவர் செலவழிக்காமல் விட்டால் அவர் கீழே போவார். மேலே ஏறினால் கிடைப்பதும் கீழே விழுந்தால் இழப்பதும் அவ்வளவு பெரிது. இரண்டாம் பிரிவிலிருந்து பிரிமியர் லீக்குக்கு ஏறும் கடைசி ஆட்டத்தின் பெறுமதி 100 மில்லியன் பவுணுக்கு மேல் என்கிறார்கள். அதனால் அந்த இரண்டாம் பிரிவுக் கழகங்களின் மொத்தச் சம்பளச் செலவு பல பருவங்களில் மொத்த வருமானத்தையே தாண்டியது. நூறு ரூபாய் உழைத்து நூற்றிருபது ரூபாய் சம்பளம் கொடுத்த பருவமும் உண்டு. மின்கட்டணம், புல்வெட்டு, பஸ் செலவு எல்லாம் அதற்கு மேலே.

முதலாளி இல்லாமலே இந்தப் பொறியில் விழலாம் என்று காட்டியது லீட்ஸ் யுனைட்டட். பீட்டர் ரிட்ஸ்டேல் தலைவராக இருந்த காலத்தில், இனிமேல் ஒவ்வொரு வருடமும் சம்பியன்ஸ் லீக்கில் விளையாடுவோம் என்ற கணக்கில் கடன் வாங்கினார்கள். 2000இல் ரியோ பேர்டினண்ட் 18 மில்லியன். 2001இல் சம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனார்கள். பிறகு அந்தப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. வராத வருமானத்தை நம்பி வாங்கிய கடன் மட்டும் வந்து கதவைத் தட்டியது. பேர்டினண்ட் மன்செஸ்டர் யுனைட்டடுக்குப் போனார், மற்றவர்களும் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள். 2004இல் இரண்டாம் பிரிவு, 2007இல் மூன்றாம் பிரிவு. நிருவாகச் செலவுகளைத் துருவியபோது அலுவலகத்தில் வாடகைக்கு எடுத்த அலங்கார மீன்தொட்டியும் கிடைத்தது. நாட்டில் எல்லாரும் அந்த மீனைப் பற்றியே பேசினார்கள். உண்மையில் லீட்ஸை மீன் விழுத்தவில்லை, வீரர்களின் சம்பளம் விழுத்தியது.

போட்ஸ்மவுத்தின் கதை இன்னும் கசப்பானது. 2008இல் எஃப்ஏ கிண்ணம் வென்றார்கள். 2009-10 பருவத்தில் மட்டும் கழகம் நான்கு உரிமையாளர்களைக் கண்டது. 2010 பெப்ரவரியில் வங்குரோத்து நடைமுறைக்குள் போனது. பிரிமியர் லீக்கில் இருந்துகொண்டே அந்த நிலைக்கு வந்த முதல் கழகம் அதுதான். 9 புள்ளிகள் வெட்டப்பட்டன, கடன் 100 மில்லியன் பவுணைத் தாண்டியிருந்தது. கடன் கொடுத்தவர்களின் பட்டியல் வெளியானபோது, அதில் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் இருந்தது. எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் வெள்ளைச் சீருடையோடு ஓரத்தில் நிற்பார்களே, அதே தொண்டு அமைப்பு. மைதானத்தில் முதலுதவி செய்த அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய சில ஆயிரம் பவுணைக்கூடக் கழகம் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு விதி உண்டு: கழகம் முறிந்தால் வீரர்களின் சம்பளமும் மற்றக் கழகங்களுக்குத் தரவேண்டிய காசும் முதலில் முழுதாகக் கொடுக்கப்படவேண்டும். அரச வரியும் அம்புலன்ஸும் அச்சகக்காரரும் மிச்சத்தில் பங்கு போட்டுக்கொள்ளவேண்டியதுதான். வரித் திணைக்களம் இதை எதிர்த்து வழக்குப் போட்டும் 2012இல் தோற்றது.

சரி, முதலாளிகளிடம் வருவோம். 2003இல் ரஷ்யச் செல்வந்தர் ரொமன் அப்ரமோவிச் சுமார் 140 மில்லியன் பவுணுக்குச் செல்சியை வாங்கினார். 19 வருடங்களில் கழகத்துக்குள் 1.5 பில்லியன் பவுண் அளவுக்குப் போட்டார். ரசிகர்கள் அதைக் கொடை என்றே நினைத்தார்கள். புத்தகத்தில் அது வட்டியில்லாக் கடனாகத்தான் இருந்தது. அதாவது, மனிதர் நினைத்தால் ஒருநாள் திருப்பிக் கேட்கலாம். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் பிரித்தானியா அவர்மீது தடை விதித்தது. ஐரோப்பியச் சம்பியனாக இருந்த கழகம் விசேட அனுமதிப் பத்திரத்தில் மூச்சுவிடவேண்டியதாயிற்று. கழகத்தின் கடை மூடப்பட்டது, புதிதாக நுழைவுச்சீட்டு விற்க முடியவில்லை, வெளியூர் ஆட்டமொன்றுக்குப் பயணச் செலவு 20,000 பவுணைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நூறு மில்லியனுக்கு ஆள் வாங்கிய கழகம் பஸ் செலவை எண்ணிப் பார்த்தது. அப்ரமோவிச் கடனைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்று அறிவித்தார், 2.5 பில்லியனுக்கு விற்பனை நடந்து செல்சி தப்பியது. அவர் கேட்டிருந்தால் மறுகா என்ன நடந்திருக்கும்? கழகத்தின் உயிர் ஒரு தனி மனிதரின் ஒற்றை முடிவில் தொங்கியது என்பதை யாரும் மறக்கக் கூடாது.

அபுதாபியின் ஷேக் மன்சூர் 2008இல் மன்செஸ்டர் சிட்டியை வாங்கிய முறை வேறு. வாங்கிய கையோடு செப்டெம்பர் 1ஆம் திகதி ரொபின்ஹோவை 32.5 மில்லியனுக்கு இறக்கினார்கள். போட்ட காசைக் கடனாக வைத்திருக்காமல் பங்குகளாக மாற்றினார்கள். முதலாளி நாளைக்குப் போனாலும் அந்தக் காசைத் திருப்பிக் கேட்க வழியில்லை. கழகத்துக்கு இதுதான் பாதுகாப்பான வகை. அந்தக் காசு மற்றக் கழகங்களை என்ன செய்தது என்பது வேறு விசயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது வகை, என் கணக்கில் மிக மோசமானது. அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் 2005இல் மன்செஸ்டர் யுனைட்டடை 790 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. அதில் பெரும்பங்கு கடன். அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டினார்கள். கடனில்லாமல் இலாபத்தில் ஓடிக்கொண்டிருந்த கழகம், தன்னைத் தானே விலைக்கு வாங்க எடுத்த கடனுக்கு வட்டி கட்டத் தொடங்கியது. வட்டியாக மட்டும் பல நூறு மில்லியன் போயிற்று. மைதானத்தின் கூரை ஒழுகியது. கோபப்பட்ட ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதே ஆண்டு எஃப்சி யுனைட்டட் என்று தங்களுக்கென ஒரு கழகமே தொடங்கினார்கள். இவ்வளவுக்கும் யுனைட்டட் வீரர்களுக்குச் செலவழித்ததில் யாருக்கும் குறைவில்லை. செலவின் அளவை மட்டும் பார்ப்பவருக்குச் சிட்டியும் யுனைட்டடும் ஒன்றுபோலத் தெரியும். கடன் யார் பெயரில் என்று பார்த்தால் இரண்டும் இரண்டு துருவம்.

இது தூரத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். திருக்கோவில் முதல் வாழைச்சேனை வரை கடலோரம் போனால் ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம் இருக்கிறது. சித்திரை வந்தால் விலகல் முறையிலான சுற்றுப்போட்டி. யாரோ ஒருவரின் ஞாபகார்த்த வெற்றிக்கிண்ணம். கிண்ணத்துக்கும் பணப்பரிசுக்கும் அனுசரணை சுவிஸிலோ கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஊர்ப் பிள்ளை. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை, அந்தக் காசு இல்லாவிட்டால் பல மைதானங்களில் பந்தே உருளாது.

எனக்குத் தெரிந்த ஒரு கழகத்தின் கணக்குக் கொப்பியை அதன் பொருளாளர் ஒருமுறை காட்டினார். முன்பக்கங்களில் எல்லாம் சின்னச் செலவுகள்: பந்து, கோல் வலை, கோடு போடச் சுண்ணாம்பு, தேசிக்காய், மத்தியஸ்தருக்குப் படி. வரவு என்ற பக்கத்தில் அங்கத்தவர் சந்தா, மீன்வாடி முதலாளி தந்தது, கோயில் திருவிழாவில் சோடாக் கடை போட்டது. பிறகு ஒரு பக்கத்தில் வெளிநாட்டு அண்ணன் ஒருவரின் பெயர் வருகிறது. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து கையெழுத்துகூட மாறிவிட்டது. இரண்டு வகை ஜேர்சி, ஹையேஸ் வான் வாடகை, அப்புறம் "வெளிப் பிளேயர் - 4" என்று ஒரு வரி. கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கூட்டிவந்த ஆட்களுக்குப் போக்குவரத்து, சாப்பாடு, ஆட்டக் காசு. சந்தாப் பகுதி வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அண்ணன்தானே தாறார், பொடியனுகளிட்ட என்னத்துக்கு வாங்குற?" என்றார். இரண்டு வருடம் கிண்ணம் வந்தது. பிறகு அண்ணனுக்கு அங்கே வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்பு. காசு நின்றது. கழகத்துக்குக் கடன் ஒன்றும் இல்லை, நல்ல காலம். ஆனால் சந்தா கட்டும் பழக்கம் போயிருந்தது. நான்கு வெளிப் பிளேயருக்காக ஓரத்தில் உட்கார்ந்த ஊர்ப் பொடியன்கள் வேறு கழகத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் போயிருந்தார்கள்.

பெரிய கழகங்களிலும் நடப்பது இதுதான். முதலாளியின் காசு வருமானத்தை மட்டும் கூட்டுவதில்லை, கழகத்தின் மற்ற வேர்களைக் காயவைக்கிறது. ரஷ்யாவின் தாகெஸ்தானில் அன்ஷி மகச்கலா என்ற கழகத்தை 2011இல் செல்வந்தர் சுலைமான் கெரிமோவ் எடுத்தார். சாமுவேல் எட்டோவை உலகத்திலேயே அதிக சம்பளம் பெறும் வீரராக்கினார்கள். பாதுகாப்புக் காரணத்தால் வீரர்கள் மொஸ்கோவில் வசித்து, சொந்த ஊர் ஆட்டத்துக்கு விமானத்தில் பறந்து வந்தார்கள். 2013 ஓகஸ்டில் முதலாளி மனம் மாறினார், வீரர்களை விற்றார். அடுத்த ஆண்டு தரமிறக்கம், 2022இல் கழகமே இல்லை. சீனாவில் ஜியாங்சு கழகம் 2020இல் தேசியச் சம்பியன். மூன்று மாதங்களில், 2021 பெப்ரவரியில், அதன் உரிமையாளரான சுனிங் நிறுவனம் கடையைப் பூட்டியது. ஆசியக் கழகங்களின் சம்பியன்ஸ் லீக்கை இரண்டு முறை வென்ற குவாங்சோ கழகத்தை எவர்கிராண்ட் என்ற காணி, கட்டட நிறுவனம் வளர்த்தது. அந்த நிறுவனம் கடனில் முறிந்தது. 2025 ஜனவரியில் கழகம் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டுக் கலைந்தது.

வளைகுடாக் காசு இவற்றிலிருந்து வேறுபட்டது, ஏனென்றால் அங்கே முதலாளி ஒரு நாடு. 2011இல் கத்தார் அரசோடு சேர்ந்த நிறுவனம் பரிஸ் சென் ஜெர்மைனை எடுத்தது. 2017இல் நெய்மாருக்கு 222 மில்லியன் யூரோ கொடுத்தபோது, அதுவரை இருந்த உலகச் சாதனை விலை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. சவூதி அரச முதலீட்டு நிதியம் 2021இல் நியூகாசிலின் 80 வீதத்தையும், 2023இல் தன் நாட்டின் நான்கு பெரிய கழகங்களின் 75 வீதத்தையும் எடுத்தது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் பொடியன்கள் அல் நாசரின் மஞ்சள் ஜேர்சியில் திரிவதற்கு ரொனால்டோ மட்டும் காரணமில்லை. கத்தாரிலோ சவூதியிலோ ஒருவராவது வேலைசெய்யும் குடும்பங்கள்தான் இந்தக் கரையோரத்தில் அதிகம். ஜேர்சியும் அங்கிருந்துதான் பெட்டியில் வருகிறது. அதே நாட்டில் வெயிலில் சீமெந்து கலப்பவருக்கும் நெய்மாருக்கும் சம்பளம் வந்த ஊற்று கடைசியில் ஒன்றுதான் என்பதை நினைத்தால் எனக்கு ஆட்டத்தை ரசிப்பது கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. ரசிப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நெய்மார், மெஸ்ஸி, எம்பாப்பே மூவரையும் ஒன்றாக வைத்திருந்த காலத்தில் பரிஸால் சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைத் தொட முடியவில்லை. மூவரும் போன பிறகு, 2025 மே மாதம் இன்ரர் மிலானை 5-0 என்று அடித்து எடுத்தார்கள்.

இந்த ஓட்டத்தைப் பிடித்து நிறுத்த விதிகள் இல்லையா? இருக்கின்றன. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமான யூஃபா 2010இல் நிதி ஒழுங்கு விதிகளை ஏற்றுக்கொண்டது. சுருக்கமாக, உழைப்பதற்குள் செலவழி; நட்டத்துக்கு ஒரு எல்லை உண்டு. 2025-26 பருவம் வரை இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் எல்லை மூன்று ஆண்டுகளுக்கு 105 மில்லியன் பவுண் நட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உழைப்பதற்குள் செலவழிக்கவேண்டும் என்றால், ஏற்கெனவே அதிகமாக உழைப்பவர்தான் அதிகமாகச் செலவழிக்கலாம். அப்ரமோவிச்சும் மன்சூரும் விதி இறுகுவதற்கு முன்னரே வந்து, காசு கொட்டி, கிண்ணம் எடுத்து, உலகம் முழுக்க ரசிகர் சேர்த்து, வருமானத்தையும் பெருக்கிவிட்டார்கள். அவர்கள் ஏறிய ஏணி அடுத்தவருக்கு இல்லை.

விதி வந்தால் கணக்காளரும் வருவார். ஒரு வீரரை வாங்கினால் அந்த விலையை ஒப்பந்தக் காலத்தால் பிரித்து வருடச் செலவாகப் பதிவார்கள். வள்ளத்துக்கு ஐந்து லட்சத்துக்கு எஞ்சின் வாங்கியவர், அது ஐந்து வருடம் ஓடும் என்று வைத்து வருடத்துக்கு ஒரு லட்சம் செலவு என்று எழுதுவதில்லையா, அதே கணக்கு. பத்து வருடம் ஓடும் என்று எழுதினால் வருடச் செலவு பாதியாகிவிடும், எஞ்சின் என்னவோ அதே எஞ்சின்தான். செல்சியின் புதிய அமெரிக்க உரிமையாளர்கள் இதைத்தான் செய்தார்கள். 2023 ஜனவரியில் என்ஸோ பெர்னாண்டஸை 106.8 மில்லியன் பவுணுக்கு எட்டரை வருட ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். ஐந்து வருடம் என்றால் புத்தகத்தில் வருடத்துக்கு 21 மில்லியனுக்கு மேல் விழும். எட்டரை வருடத்தில் அது 12.5 மில்லியன் அளவு. யூஃபாவும் பிறகு பிரிமியர் லீக்கும், இனி எத்தனை வருட ஒப்பந்தம் என்றாலும் ஐந்தாகத்தான் பிரிக்கலாம் என்று ஓட்டையை அடைத்தன. அடுத்து, செல்சி உரிமையாளர்கள் மைதானத்தோடு இருந்த இரண்டு ஹோட்டல்களைத் தங்கள் சொந்தக் குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்கே 76.5 மில்லியனுக்கு விற்று வருமானமாகக் காட்டினார்கள். பெண்கள் அணியையும் அப்படியே. பிரிமியர் லீக் ஹோட்டல் விற்பனையை ஏற்றுக்கொண்டது. யூஃபா அந்த வகைக் காசை வருமானமாக எண்ண மறுத்து 2025 ஜூலையில் 31 மில்லியன் யூரோ அபராதம் போட்டது.

தண்டனை யாருக்கு விழுகிறது என்று பாருங்கள். எவர்ட்டன் எல்லையை 19.5 மில்லியன் தாண்டியதற்காக 2023 நவம்பரில் 10 புள்ளிகளை இழந்தது. முறையீட்டில் அது 6 ஆனது. அடுத்த கணக்கு வருடத்துக்காக இன்னும் 2 போனது. நொட்டிங்ஹாம் பொரஸ்டுக்கு 4. இரண்டும் தவறை ஒத்துக்கொண்டு, ஒரே பருவத்துக்குள் தண்டனையும் வாங்கின. மன்செஸ்டர் சிட்டி மீது, நிதி விதிகளை மீறியதாக, 2023 பெப்ரவரியில் 115 குற்றச்சாட்டுகள் என்று தலைப்புச் செய்தி வந்தது. கழகம் எல்லாவற்றையும் மறுக்கிறது. விசாரணை 2024 செப்டெம்பரில்தான் தொடங்கியது. இதற்கு முன் யூஃபா இரண்டு வருடத் தடை விதித்தபோதும் 2020இல் விளையாட்டு நடுவர் மன்றம் அதை நீக்கி, 10 மில்லியன் யூரோ அபராதத்தோடு முடித்தது. சிட்டி குற்றவாளியா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வக்கீல் செலவைப் பொருட்படுத்தாத கழகத்தோடு வழக்காடுவது எவ்வளவு நீளும் என்பதுதான் கவனிக்கவேண்டியது.

ஜேர்மனியில் வேறு வழி பார்த்தார்கள். 1998 முதல், கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தவர்களிடமே இருக்கவேண்டும் என்பது விதி. வெளி முதலாளி காசு போடலாம், கழகத்தைக் கையில் எடுக்க முடியாது. லெவர்குசனுக்கும் வோல்ஸ்பேர்க்குக்கும் விலக்கு உண்டு, லைப்ஸிக் அங்கத்தவர் எண்ணிக்கையைச் சுருக்கி விதியின் சந்துக்குள் நுழைந்துகொண்டது. பயர்ன் மியூனிக்கின் ஆதிக்கத்தையும் இந்த விதி தடுக்கவில்லை. ஆனாலும் அங்கே நுழைவுச்சீட்டு மலிவு, மைதானம் நிறைகிறது. இங்கிலாந்தில் கண் திறந்தது 2019இல். 1885இல் தொடங்கிய பரி கழகத்தை ஒருவர் 2018 டிசம்பரில் ஒரு பவுணுக்கு வாங்கினார். எட்டே மாதத்தில், காசு இருக்கிறது என்று நிரூபிக்க முடியாமல், கழகம் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. இரண்டு உலகப் போர்களைத் தாண்டிய கழகம் ஒரு பவுண் முதலாளியைத் தாண்டவில்லை. அதன் பிறகு எழுந்த சத்தத்தில், 2025 ஜூலையில் கழகங்களைக் கண்காணிக்கும் சுயாதீன ஒழுங்குபடுத்துநருக்கான சட்டம் நிறைவேறியது. முதலாளி யார், காசு எங்கிருந்து என்று இனி வெளியாள் ஒருவர் கேட்பார்.

இலங்கைக்கு இந்த நோய் இன்னும் வரவில்லை, வருவதற்கு உடம்பே இல்லை என்பதால். 2021இல் தொடங்கிய சூப்பர் லீக்தான் எங்கள் முதல் தொழில்முறை லீக். அதன் 10 அணிகளில் வடக்கு, கிழக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. மூன்று அணிகள் இராணுவம், கடற்படை, விமானப்படையுடையவை. அங்கே சம்பளம் அரச உத்தியோகமாக வருவதால் நல்ல வீரர்கள் அங்கேதான் போகிறார்கள். மட்டக்களப்பு வெபர் மைதானத்திலும் கல்முனைச் சந்தாங்கேணியிலும் வளரும் பொடியனுக்கு முதலாளி வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வான், நானும் சொல்வேன். ஆனால் அந்த அண்ணன் அனுப்பும் காசை வெளிப் பிளேயருக்குக் கொடுப்பதா, மின்விளக்குக்கும் பதினைந்து வயதுக்குட்பட்ட அணிக்கும் பயிற்றுவிப்பாளருக்கும் கொடுப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் கழகத்தின் பொதுக்கூட்டத்திடம் இருக்கவேண்டும். சந்தாவை நிறுத்தவும் கூடாது.

இங்கிலாந்தில் அந்த அதிகாரம் கழகங்களின் கையிலேயே இருக்கிறது, அதை அவர்கள் எப்படிப் பாவிக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. 2025 நவம்பரில் பிரிமியர் லீக்கின் 20 கழகங்களும் கூடி, 2026-27 பருவத்திலிருந்து அணிக்கான செலவு வருமானத்தின் 85 வீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று தீர்மானித்தன. வருமானம் கூடியவருக்குச் செலவும் கூட. அன்றைக்கே இன்னொரு யோசனையும் வாக்கெடுப்புக்கு வந்தது: எவ்வளவு உழைத்தாலும் சரி, கடைசி இடத்துக் கழகத்துக்கு லீக்கிலிருந்து கிடைக்கும் பணத்தின் ஐந்து மடங்குக்கு மேல் எந்தக் கழகமும் அணிக்குச் செலவழிக்கக் கூடாது. மேலே இருப்பவரின் கையைக் கட்டக்கூடிய ஒரே யோசனை அதுதான். நிறைவேற 14 வாக்குகள் வேண்டும். கிடைக்கவில்லை.